அவர்களுக்கும் ஒரு கல்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் நிறைவுற்று, அன்பர்கள் காப்பி அருந்தியவண்ணம் அளவளாவிக்கொண்டிருந்த வேளையில் மூதாட்டியார் ஒருவர் நம்மை அணுகினார். "கார்த்திகைத் தீபத்துக்கு ஏற்றுவது போக, மாதக் கடைசியில் ஒரே ஒரு விளக்கை வாசலில் வைப்பது என் வழக்கம். அது எதற்கு என்று பேரன் கேட்கிறான். சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வருகிறது. நீங்கள் பத்திரிகையில் எழுதுங்கள் ஐயா, அவன் படித்துக்கொள்ளட்டும்" என்றார். மைசூரில் பிறந்து, பள்ளியில் கன்னடம் பயிலும் பிள்ளை நம் ஏட்டையும் படிக்கிறான் என்று கேட்டு மகிழ்ந்தோம். ஆனால் அவனுக்கு நாம் சொல்லவேண்டிய செய்தி மகிழ்ச்சிக்குரியதன்று.

அந்த விளக்கு அம்மையாரின் தந்தையாருக்காக ஏற்றப்படுவது. சேலம் பக்கத்திலிருந்து இளமையிலேயே வந்து, காவிரியும் கபினியும் கூடும் திருமகூடல் நரசிபுர வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குத்தகை நிலம் உழுதவர் அவர். 1991 டிசம்பரில், அறுவடைக்கு நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊரை நீங்க நேர்ந்தது. அதற்கு முன் இரண்டு இரவுகள் பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண்மணி குழந்தைகளைத் தம் உள்ளறையில் வைத்துக் காத்தாராம். முருகன் என்றும் வள்ளி என்றும் உரக்கக் கூப்பிடாமல், வேறு பெயர்களால் அழைத்தாராம். தாளவாடி வழியாக எல்லை கடந்த பெரியவர் தை பிறந்த சில நாட்களில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உயிர் நீத்தார். நெஞ்சுவலி என்றார் மருத்துவர். அவர்மீது யாருடைய கையும் படவில்லை. ஆகவே இறந்தோர் கணக்கு எதிலும் அவர் பெயர் இல்லை.

இளைய வாசகர்களுக்காக நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வோம். காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 1991 ஜூன் 25ஆம் நாள் அது வழங்கிய இடைக்கால ஆணை, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் தமிழகத்திற்குச் சேரவேண்டும் என்றது. அதனைத் தடுக்கக் கருநாடக அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் நவம்பர் 22இல் கருத்துரைத்தது. டிசம்பர் 11இல் ஆணை மத்திய அரசிதழில் வெளியாயிற்று. மறுநாளே பெங்களூரில் தமிழர் வாழும் தெருக்களில் தீயும் கல்லும் புகுந்தன. பின்னர் அது மைசூர் முதலிய தென்மாவட்டங்களுக்கும் பரவியது. மாண்டவர் 18 பேர் என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. அடியுண்டு இறந்தவரும் உண்டு, காவலர் துப்பாக்கிக்கு இரையானவரும் உண்டு. உடைமையை விட்டு ஓடியவர்கள் பல்லாயிரவர். ஆற்றுநீர் எவ்வளவு என்று வழக்காடியவை இரண்டு அரசுகள். அடிபட்டவர்களோ, கொத்தனாரும் சிற்றாளும் கூலியாளும் பெட்டிக்கடைக்காரரும். அணையின் மதகைத் திறக்கவும் மூடவும் அவர்களுள் யாருக்கு அதிகாரம் இருந்தது? பேசிய மொழி ஒன்றே அவர்கள் செய்த குற்றம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இந்தப் பகுதியில் எத்தனையோ பொருள் பற்றி எழுதியிருக்கிறோம். இதைப் பற்றி ஒரு வரியும் எழுதினோமில்லை. அச்சமே காரணம், அதை ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை.

இறந்தவர்க்குக் கல் நாட்டுவது இவ்விரு மொழியாருக்கும் பொதுவான பழைய வழக்கம். நாம் நடுகல் என்போம். கன்னடர் வீரகல்லு என்பர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதன் படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று நீர்ப்படை, அதாவது கல்லை நீராட்டுதல். மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கி.பி. 949-50ஐச் சேர்ந்த கல் ஒன்று கிடைத்தது. இன்று அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட தக்கோலப் போரைக் குறிக்கும் அக்கல் நாட்டப்பட்டது எந்த அரசனுக்கும் அன்று. காளி என்னும் வேட்டை நாய்க்கு. கங்க மன்னன் பூதுகனின் வீரனாகிய மணலேரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற அந்த நாய், பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, அதனைக் கொன்று தானும் மடிந்தது. கல்லின் பூசைக்கு நிலம் விட்டதோடு, பூசை செய்யாமல் உண்ணும் பூசகரைப் பாவம் சேரும் என்றும் பொறித்து வைத்தார்கள். நம் திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரிலும் கோவிவன் என்னும் நாயின் பெயர் பல்லவர் காலத்து நடுகல்லில் இருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதிய மரபினர் நாம். 1991இல் மாண்டவருடைய பெயர்களைக் கேட்டால், நம் சங்கத்தில் யாராலும் முழுமையாகச் சொல்ல இயலவில்லை.

அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் 2018இல் ஒரு நினைவகம் திறந்தார்கள். 1877 முதல் 1950 வரை வெள்ளையர் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பின மக்கள் 4,000க்கு மேற்பட்டோர்க்கு உரியது அது. கொலை நிகழ்ந்த மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரும்புத் தூண் வீதம் 800க்கு மேற்பட்ட தூண்கள். அவற்றில் இறந்தோர் பெயர்கள். நம்மை ஈர்த்தது அதன் பெருமை அன்று. கொலை நடந்த இடத்திற்கு உள்ளூர் மக்களே சென்று, மண்ணை அள்ளிக் கண்ணாடிச் சாடியில் இட்டுப் பெயரெழுதி வைக்கிறார்கள். அள்ளுவோருள் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. மேலும், ஒவ்வொரு தூணுக்கும் இணையான மற்றொன்று வெளியே கிடத்தப்பட்டிருக்கிறது. அந்தந்த ஊரார் வந்து எடுத்துச் சென்று தம் ஊரிலேயே நிறுத்திக்கொள்ளட்டும் என்பது எண்ணம்.

கல்லுக்குப் பகை உண்டு என்பதையும் நாம் அறிவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 சனவரி 8ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் பட்டினி கிடந்தனர். சில திங்களுக்குள் அது மீண்டும் எழுந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? பெங்களூர் அல்சூரில் தமிழ்ச் சங்கத்தார் 1991இல் நிறுவிய வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடக்கவில்லையா? 2009 ஆகஸ்டு 9இல் அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்று வானம் இடிந்து விழவில்லை.

நம் முதியோர் சிலர், "ஆறிய புண்ணைக் கிளறுவானேன்? பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், இங்கே மணம் செய்துகொள்கிறார்கள்" என்கின்றனர். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் மீண்டும் வண்டிகள் எரிந்தபோது, நம் உறுப்பினர் பலர் கடைப் பலகையின் தமிழெழுத்தை இரவோடிரவாகத் துணியால் மறைத்ததை நாம் கண்டோம். ஆனால் புண் ஆறியிருந்தால் அந்தத் துணி எதற்கு? இரு மாநிலத்து உழவரும் 2003இல் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் ஒன்றாய் அமர்ந்து பேசினர். நிலத்தையே நம்பியிருப்பவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

கல் நாட்ட நம்மிடம் இடமும் இல்லை, பொருளும் இல்லை. ஆகவே இப்போதைக்கு ஓர் ஏடு மட்டும் சங்க அறையில் வைக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர் பெயர், அகவை, பிறந்த ஊர், வாழ்ந்த இடம், நேர்ந்தது என்னும் பத்திகள் அதில் உண்டு. திண்ணையில் மாண்ட பெரியவரைப் போன்றோரும் அதில் இடம்பெறுவர். காவலர் குண்டுக்கு இரையானவரின் தாய்மொழி யாது என்று ஏடு கேளாது. கடைசிப் பத்தி, புகல் தந்தவர் பெயர். தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். தாக்கியவர்க்கும் ஒரு பத்தி வேண்டும் என்று செயற்குழுவில் இருவர் வற்புறுத்தினர், நாம் இசையவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நீதிமன்றம் அதைச் செய்யாதிருந்தால் அக்குறையை நம் ஏடு தீர்த்துவிடப் போவதில்லை. ஞாயிறுதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை வந்து எழுதலாம். வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாமே இல்லம் தேடி வருவோம்.

முதலில் வந்தவர் அந்த மூதாட்டியாரே. பேரன் எழுத, தந்தையார் பெயர் முதல் வரியில் ஏறியது. கடைசிப் பத்திக்கு வந்தபோது எழுதுகோல் நின்றுவிட்டது. இரண்டு இரவுகள் குழந்தைகளைக் காத்தவரின் பெயர் அம்மையாருக்குத் தெரியவில்லை. பதினான்கு ஆண்டுகளும் "அக்கா" என்றே அழைத்திருக்கிறார். வரும் ஞாயிறு பேரனை அழைத்துக்கொண்டு நரசிபுரம் பேருந்தில் செல்லவிருக்கிறார். அந்தப் பத்தியை அதுவரை வெறுமையாக விட்டிருக்கிறோம்.