மூத்த பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?



போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். விழா நாயகன் லட்டு, மூன்று வயது லாப்ரடார். "சார், இதுதான் எங்க மூத்த பிள்ளை" என்றான் என் பழைய மாணவன். சந்தோஷம்தான். ஆனால் வாத்தியார் புத்தி போகுமா? "பிள்ளைக்கு ரேபிஸ் ஊசி எப்பப்பா போட்டே?" என்று கேட்டுவிட்டேன். அவன் மனைவியைப் பார்த்தான், மனைவி கேக்கைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளேயேதான சார் இருக்கு" என்றான்.

நாயைப் பிள்ளையாக வளர்ப்பதைக் கேலி செய்ய நான் வரவில்லை. சிதம்பரம் வடக்கு வீதியில் என் சிறுவயதில் எங்களுக்கும் மணி என்று ஒரு செவலை நாய் இருந்தது. மிஞ்சின சோறு, வாசலில் ஒரு உடைந்த சட்டி, அவ்வளவுதான் அதன் சொத்து. கோயிலில் பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வரும் அப்பா, மணி திண்ணை ஏறினால் விறகுக்கட்டையை எடுப்பார். ஒரு நாள் நாய் பிடிக்கிற வண்டி வந்தது, மணி போய்விட்டது. வீட்டில் யாரும் தேடவில்லை. நானும் தேடவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. ஆகவே 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று நான் பாட மாட்டேன்.

சோபாவில் நாய் என்பது பெரும்பாலும் அமெரிக்காவைப் பார்த்து நமக்கு வந்தது. சினிமாவில் பார்த்தோம், நியூஜெர்சிப் பிள்ளைகள் வீடியோவில் காட்டினார்கள். 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியது. அப்புறம் மூச்சுத் திணறும் அந்தச் சப்பை மூக்கு ஊரெல்லாம் ஆசையாகிவிட்டது.

ஆனால் அங்கே நாய் ஒரே நாளில் சோபா ஏறவில்லை. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் பிடித்த நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1866-இல் ஹென்றி பெர்க் என்பவர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கினார். பிறகுதான் உரிமம், கழுத்துப்பட்டை, தெருவில் கயிறு, கருத்தடை, தடுப்பூசி என்று ஒவ்வொன்றாக வந்தது. நடைபாதையில் நாய் கழித்ததை வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்று நியூயார்க் சட்டம் போட்டது 1978-இல். நாய்களிடையே பரவும் ரேபிஸ் வகை நாட்டில் ஒழிந்ததென்று 2007-இல் அறிவித்தார்கள். காப்பகங்களில் இன்றும் நாய்கள் கொல்லப்படுகின்றன, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் 'பிள்ளை' என்ற சொல்லுக்குப் பின்னால் அங்கே இத்தனை கடமை இருக்கிறது. நாம் சோபாவை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைக் கடலூர் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் கட்டுகிறோம். மகன் வெளிநாடு போனதும் எழுபது வயது அப்பா கையில் கயிறு. அவருக்கு முடியாமல் போனால் ஒரு நாள் நாயை சில்வர் பீச் பக்கம் இறக்கிவிட்டு, 'ஓடிப்போச்சு' என்கிறோம். பெற்ற பிள்ளையை இப்படி விடுவோமா?

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றி உத்தரவிட்டபோது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் 'எல்லாத்தையும் பிடி', மறுபக்கம் 'பாவம் வாயில்லா ஜீவன்'. நாம் இறக்கிவிட்டதும், நம் வீட்டு நாய் போட்ட குட்டியும் அந்தத் தெருவில்தான் திரிகின்றன என்று ஒருவரும் எழுதவில்லை. சித்தப்பா மட்டும் குட் மார்னிங் படம் போட்டார்.

'வீட்டுக்குள்ளேயேதான இருக்கு' என்பதற்கு வருகிறேன். அன்று மாலையே லட்டு கேட் கம்பி வழியாக ஒரு தெருநாயோடு மூக்கோடு மூக்கு உரசியதைப் பார்த்தேன். ஒரு கடி போதும். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் நாயும் பிழைக்காது, மனிதரும் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். லட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவளுக்கு நான்கு வயது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அரசு கால்நடை மருத்துவமனையில் போய்க் கேளுங்கள், அந்தக் கேக் விலைகூட ஆகாது. கருத்தடையும் சேர்த்தே கேளுங்கள். செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி இலவச முகாம்களும் நடக்கும். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள்.

லட்டுவின் அப்பாவே, இதைப் படித்தால் என்மேல் கோபப்படாதே. நாளைக்கே கூட்டிப்போய், அட்டையைப் படம் பிடித்துக் கீழே கமெண்டில் போடு. முதல் லைக் என்னுடையது.