கூப்பனுக்கு வந்தவர் கூப்பனோடு போவார்

இணையத்தில் சிறிய அளவில் விற்பவர்களுக்காகச் சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இது: வாங்குபவருக்கு விலையைத் தவிர வேறெதிலும் பற்றில்லை. எனவே ஒருமுறை வாங்கியவரைத் தக்கவைக்க வாராவாரம் கூப்பன் கொடு, தினமும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பு, கெடு வைத்து அவசரப்படுத்து, குறை சொல்பவரைக் கழித்துவிடு. நான்குமே தவறு. வீட்டிலிருந்தபடியே சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்கியவர்கள் இதை நம்பினால் போட்ட முதலை இழப்பார்கள்.

கூப்பனில் தொடங்குவோம். கட்டுரையாளர் ஓர் இடத்தில்கூடக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. நான் போடுகிறேன். மரச்செக்கு நல்லெண்ணெயை ஒருவர் லிட்டர் 400 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணெயின் அடக்கவிலை 280, கூரியர் 60, பாட்டிலும் பெட்டியும் 20. மிஞ்சுவது 40 ரூபாய். புதிதாக ஒருவரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 120 ரூபாய் ஆனால், முதல் ஆர்டரில் 80 ரூபாய் நஷ்டம். அவர் விளம்பரச் செலவு வைக்காமல் இரண்டாவது, மூன்றாவது முறை வாங்கும்போது அந்த நஷ்டம் அடைபடும். நான்காவது முறையிலிருந்து லாபம். இப்போது கட்டுரையாளர் சொல்லும் பத்து சதவீதக் கூப்பனைக் கொடுத்துப் பாருங்கள். மிஞ்சிய 40 ரூபாயும் அதிலேயே போய்விடும். அந்த வாடிக்கையாளர் ஆயுள் முழுக்க வாங்கினாலும் முதல் நாள் நஷ்டம் அடைபடாது. இதற்குத்தான் அவர் ‘வளர்ச்சி உத்தி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

கொஞ்ச நாள் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு நிறுத்திவிடலாமாம். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைகள் 2012-இல் அதைச் செய்தன. தலைமை அதிகாரி ரான் ஜான்சன் கூப்பன்களை ஒழித்துவிட்டு, எல்லா நாளும் ஒரே நியாய விலை என்று அறிவித்தார். அந்த ஆண்டு விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியை இழந்தார். பல ஆண்டுகளாகத் தள்ளுபடிக்குப் பழகியவர்களுக்கு நியாய விலை விலையாகவே தெரியவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் தாங்க முடியாத அடியை மாதம் நூறு பார்சல் அனுப்புபவர் எப்படித் தாங்குவார்?

அடுத்து, கட்டுரையாளர் கேடயமாகப் பிடித்திருக்கும் புள்ளிவிவரம். வாடிக்கையாளர்களில் கூடுதலாக ஐந்து சதவீதத்தினரை விலகாமல் தடுத்தால் லாபம் 25 முதல் 85 சதவீதம் வரை கூடும் என்று ரெய்க்ஹெல்டும் சாசரும் 1990-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் எழுதியது உண்மை. அவர்கள் பார்த்தவை வங்கி வைப்பு, கிரெடிட் கார்டு, காப்பீட்டுத் தரகு போன்ற சேவைகள். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் சும்மா இருந்தாலே வாடிக்கையாளராகத் தொடர்வார். விலகுவதற்குத்தான் அவர் மெனக்கெட வேண்டும். எண்ணெய் வாங்குபவர் நிலை நேர்மாறு. பாட்டில் காலியாகும் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக முடிவெடுக்கிறார். தெருமுனைக் கடையிலும் எண்ணெய் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு அந்தப் புள்ளிவிவரத்தைச் சிறு விற்பனையாளர் முன்னால் ஆட்டிக் காட்டுவது நேர்மையல்ல. விலகிப்போனவர்களிடம் காரணம் கேட்டுத் தொழிலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்த ஆய்வுக் கட்டுரையின் மைய வாதம். அதைப் பற்றி நம் கட்டுரையாளர் வாயே திறக்கவில்லை.

ஒருமுறை வாங்கியவர் ஏன் திரும்பி வருவதில்லை? செக்கு எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். பாட்டிலின் அடியில் மண்டி தங்கும். எள்ளின் ரகமும் சேர்க்கும் கருப்பட்டியும் மாறினால் நிறமும் மணமும் மாறும். ரீஃபைண்ட் எண்ணெய்க்குப் பழகியவர் இதைப் பார்த்ததும் கலப்படம் என்றே நினைப்பார். யாரிடமும் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார். எத்தனை கூப்பன் அனுப்பினாலும் கலப்படம் என்று நினைத்த பொருளை அவர் பத்து சதவீதம் குறைத்து வாங்கப்போவதில்லை. மண்டி ஏன் வருகிறது, எந்தத் தேதியில் ஆட்டியது, எத்தனை மாதம் கெடாது என்று நான்கு வரி அச்சடித்த சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் பார்சல் கைக்கு வந்த விதம்தான் இரண்டாவது ஆர்டரைத் தீர்மானிக்கிறது.

தினம் ஒரு செய்தி அனுப்பினால் மறக்க மாட்டார்கள் என்கிறார். உண்மைதான், மறக்க மாட்டார்கள், பிளாக் செய்வார்கள். பலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் அந்த எண்ணையே வாட்ஸ்அப் முடக்கக்கூடும். ஆர்டர் வரும் ஒரே வழியும் அப்போது அடைபடும். ஒரு லிட்டர் அந்த வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று முந்தைய ஆர்டர் தேதிகளே சொல்லும். தீரப்போகும் வாரத்தில் ஒரே ஒரு செய்தி அனுப்பினால், அது அவருக்கு உதவி.

‘இன்று நள்ளிரவு வரை மட்டும்’ என்று தினமும் போடச் சொல்லும் யோசனை இன்னும் மோசம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடுக்கும் 13 ஏமாற்று உத்திகளில் பொய்யான அவசரமும் உண்டு. ஓயாமல் நச்சரிப்பதும் உண்டு. அரசு தடுத்திருப்பதைச் செய்யச் சொல்லிச் சிறு விற்பனையாளரை ஆபத்தில் தள்ளும் ஆலோசனை இது.

குறை சொல்பவரைக் கழித்துவிட வேண்டுமாம். கட்டுரையிலேயே என்னை மிகவும் கோபப்படுத்திய வரி அது. மின்வணிக விதிகள் 2020-இன்படி, வரும் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சட்டத்தை விடுங்கள். பாட்டில் கசிந்துவிட்டது என்று போன் செய்பவர் இன்னும் உங்களை நம்புகிறார், அதனால்தான் செய்கிறார். ஐந்து கோணத்தில் படம் கேட்காமல் அன்றே மாற்று பாட்டில் அனுப்பினால் எண்ணெய், கூரியர், பேக்கிங் என 360 ரூபாய் செலவாகும். புதிதாக மூவரைப் பிடிக்க விளம்பரத்துக்குக் கொட்டும் தொகையும் அதேதான். அந்த மூவரும் இன்னும் உங்கள் பொருளைச் சுவைத்துக்கூடப் பார்க்காதவர்கள்.

விலை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. விலைப் போட்டியில் பெரிய தளங்களைச் சிறியவர் வெல்ல முடியாது என்கிறேன். வெல்லவே முடியாத களத்துக்குத்தான் கட்டுரையாளர் அவர்களைத் தள்ளிவிடுகிறார். இதைப் படிக்கும் விற்பனையாளர்கள் இந்த வாரக் கூப்பனை நிறுத்துங்கள். ஒருமுறை வாங்கி நின்றுபோன பத்துப் பேரை அழையுங்கள். எதையும் விற்காமல், ஏன் மறுபடி வாங்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் முதல் குறையை அடுத்த பார்சலுக்குள் சரிசெய்யுங்கள்.