இலங்கை காணச் செல்வோர்க்கு

விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த அன்று, இலங்கை சென்று மீண்ட நண்பர் ஒருவர் தாம் எடுத்து வந்த படங்களை எங்கட்குக் காட்டினார். சீகிரியாக் குன்றம், கண்டித் தலதா மாளிகை, காலிக் கோட்டை என ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. ஈற்றில் எல்ல என்னும் ஊரின் ஒன்பது வளைவுப் பாலமும், மலைநாட்டுத் தேயிலைச் சரிவொன்றும் தோன்றின. அச்சரிவின் நடுவே, முகம் தெரியாத தொலைவில், முதுகில் கூடை தாங்கிய மாது ஒருத்தி நின்றாள். "இவ்வம்மையார் எவ்வூரினர்?" என்றேன். "அங்குள்ளவர்தாம்" என்றார் நண்பர். "தமிழரோ?" என்றேன். "இருக்கலாம், வண்டி நிற்கவில்லை" என்றார்.

வண்டி நில்லாமை அவர் குற்றமன்று. ஆயினும் அவ்விடை என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. இதனை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

இலங்கையின் எழிலைக் குறைத்துரைப்பது என் கருத்தன்று. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் என்னும் மன்னன் ஏறத்தாழ 200 மீட்டர் உயர்ந்த பாறையின் உச்சியில் அரண்மனை எடுப்பித்தான் என்பதைக் கேட்கும்போதே வியப்பு மேலிடுகிறது. அவனுக்குப் பின் பல நூற்றாண்டுகளாக அக்குன்றைக் காண வந்தோர், அங்குள்ள ஓவிய மகளிரைப் பற்றித் தாம் நினைத்ததைக் கண்ணாடிச் சுவர் எனப்படும் மதிலில் செய்யுளாகப் பொறித்துச் சென்றனர். காட்சி கண்டு கருத்துரைக்கும் வழக்கம் ஆண்டுப் பழையதே போலும்! சிவனொளிபாத மலையின் உச்சியிலுள்ள அடிச்சுவடு ஒன்றையே பௌத்தர் புத்தருடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமுடையது என்பர். இவையெல்லாம் காணத்தக்கனவே. யான் சொல்வது வேறு. பிற நாட்டார் காணுமாறே நாமும் அத்தீவைக் காண்போமாயின், நம் கண்ணுக்கு என்று காணவுள்ளவற்றை இழந்து மீள்வோம்.

யான் வாழும் நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்து முதியோர் பலர் இலங்கை என்று சொல்வதில்லை, கண்டிச்சீமை என்பர். அச்சொல்லில் அச்சமும் ஏக்கமும் ஒருங்கே ஒலிக்கும். ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று வழிகாட்டி நூல்கள் தவறாது கூறும். 1869 முதல் இலைத்துரு நோய் காப்பிச் செடிகளை அழிக்க, தேயிலை அவற்றின் இடத்தைக் கவர்ந்ததையும் கூறும். காட்டை வெட்டியவர் யாவர், செடியை நட்டவர் யாவர் என்பதைக் கூறும் நூல் அரிது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் முதலிய சீமைகளினின்று, மழை பொய்த்துக் கூழுக்கும் வழியற்ற காலங்களில், கங்காணிமார் திரட்டிச் சென்ற ஏழை மக்களே அவர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய் நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டார் பலர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. அக்காலத்தே மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய்ச்சோதனை செய்த பின்னரே தோட்டத்துக்கு ஆள் அனுப்பினர்.

இவ்வளவு உழைத்தோர்க்குக் கிடைத்தது யாது? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை ஒரு சொல் கேட்டார் இலர். கண்டிச்சீமையிலேயே பிறந்து மதுரையை ஒரு நாளும் கண்டறியாதவர், 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயருடன் இங்கே வந்து இறங்கினர். எஞ்சியோர்க்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது 2003-இல்தான். லயம் எனப்படும் நீண்ட வரிசைக் கொட்டில்களில், ஓர் அறையே ஒரு வீடாக வாழும் குடும்பங்கள் இன்றும் உள. நண்பரின் படத்தில் அக்கொட்டில் இல்லை. பச்சை மட்டுமே இருந்தது.

இங்கிருந்து அங்குச் சென்றது உழைப்பு. அங்கிருந்து இங்கு வந்தது கல்வி. இது நம்மவருள் பலர் அறியாத செய்தி. எங்கள் நாகமலைக்குக் கிழக்கே பசுமலை உளது. சமணர் ஏவிய நாகமும் பசுவும் மலைகளாயின என்னும் திருவிளையாடற் கதையால் இவ்விரு குன்றுகளும் உடன்பிறந்தவை போல்வன. அப்பசுமலையில் 1845 முதல் கல்விச்சாலை நடத்திய அமெரிக்க மிஷன், நேரே அமெரிக்காவினின்று மதுரைக்கு வந்ததன்று. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேரூன்றி, ஆண்டிருந்து 1834-இல் இங்கே கிளை விட்டது. வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவராயிருந்த டேனியல் பூவர் என்பாரே சில ஆண்டுகள் மதுரையில் தங்கிப் பள்ளிகள் பல திறந்தார். அச்செமினரியில் பயின்றவர்தாம் சி. வை. தாமோதரம் பிள்ளை. ஏட்டிற் செல்லரித்துக் கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றி நமக்கு அளித்த பெருந்தகை அவர். பிற்காலத்தில் அவர் சைவ நெறியிலேயே நின்றார்; அதனால் நாம் பட்ட கடன் குறைந்துவிடுமோ? மானிப்பாயில் மருத்துவர் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழில் அறிவியல் இயலுமோ என்று இன்றும் வழக்காடுவோரை ஒருமுறை மானிப்பாய்க்கு அனுப்புதல் நன்று.

மிஷனைப் புகழ்தற்கென்று யான் இதனை எழுதவில்லை. திருகோணமலையில் கடலை நோக்கி நின்ற கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் தகர்த்த போர்த்துக்கேயரும் கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவரே. அப்பாறையின்மேல் நிற்கும் கிறிஸ்தவ மாணாக்கன் சற்றே தலைகுனிதல் தகும். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரியூட்டப்பட்டது. மீண்டும் எழுந்துள்ள அவ்வெண்ணிற மாளிகையின் முன், தமிழ் பயில்வோன் படம் எடுத்த மட்டில் திரும்பிவிடல் ஆகாது; உள்ளே சென்று சிறிது நேரமேனும் அமர்ந்து படித்தல் வேண்டும்.

"யாத்திரை களிப்பிற்கன்றோ? துயரக் கதைகளை வீட்டிலிருந்தே படிக்கலாகாதோ?" என்பார் உளர். களிப்பு வேண்டாமென்று யார் சொன்னார்? அருவியைக் கண்டு மகிழ்ந்தவன் அதனருகில் வாழ்வோரோடு இரண்டு சொல் பேசினால் அருவி வற்றிவிடாது. மேலும், மலைநாட்டில் நாம் வாய் திறந்தால் மறுமொழி நம் மொழியிலேயே வரும். வேற்று நாட்டுப் பிரயாணிக்கு எத்துணைப் பொருள் செலவிட்டாலும் வாயாத பேறு இது.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-இல் கப்பல் மீண்டும் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது நின்றுவிடுவதுண்டு. எம் வகுப்பினர் இலங்கைச் செலவு ஒன்றை மேற்கொள்வாராயின் அவ்வழியே செல்க என்பது என் விண்ணப்பம். வட்டுக்கோட்டையில் தொடங்குக, திருகோணமலை வழியே சீகிரியா காண்க, கண்டியில் வண்டியேறி மலைநாட்டில் இறங்குக. நண்பரிடம் இதனைக் கூறினேன். அடுத்த முறை நானுவோயாவில் இறங்கிவிடுவதாகவும், படம் எடுக்குமுன் அவ்வம்மையாரின் பாட்டனார் ஊரைக் கேட்பதாகவும் வாக்களித்திருக்கிறார்.