மாரடைப்பு வந்த வாரத்தில் ரயில் பயணமா?

மல்லேஸ்வரத்தில் பூ வியாபாரம் செய்யும் நம்மவர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் வந்தார். "அண்ணனுக்கு மாரடைப்பு வந்து நாலு நாள் ஆச்சு சார். இப்ப நல்லாத்தான் இருக்கார். எழுதிக் கொடுத்துட்டு ஊருக்குக் கூட்டிப் போறோம். தூத்துக்குடி வண்டியில கீழ் பெர்த் கிடைக்குமா?" என்றார். ரயில்வே குமாஸ்தாவிடம் இப்படிக் கேட்டு வருவது புதிதல்ல. பெர்த் கொடுப்பது என் கையில் இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மாரடைப்பில் ரத்தம் கிடைக்காத இதயத் தசை செத்துவிடுகிறது. அது தழும்பாகி இறுகப் பல வாரங்கள் ஆகும். அதற்கு முன், குறிப்பாக முதல் வாரத்தில், நைந்து கிழியக்கூடும். வெளிச்சுவர் கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை விழுந்தால் மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் விழும். ஓடும் ரயிலில் இதை யார் கண்டுபிடிப்பது?

ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கலாம். நேற்று இல்லாத இரைச்சல் இன்று டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும். கட்டிலருகிலேயே எக்கோ எடுத்தால் ஓட்டை தெரியும். இ.சி.ஜி. மட்டும் போதாது.

இந்த ஓட்டை மருந்தால் அடைபடாது. 1956-ல் அமெரிக்காவில் டாக்டர் டென்டன் கூலி முதன்முதலாக அறுவை செய்து இதை அடைத்தார். நைந்த வேட்டியில் தையல் நிற்குமா? அதனால் ஒட்டுத்துணியை அதைச் சுற்றியுள்ள நல்ல தசையில் வைத்துத் தைக்கிறார்கள். நோயாளி தாங்கினால், தசை சற்று இறுகட்டும் என்று சில நாள் காத்திருப்பதும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பத்துப் பேரில் நாலு பேர் வரை பிழைப்பதில்லை. அறுவையே செய்யாவிட்டால் பிழைப்பவர் மிக அபூர்வம்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வருவதற்கு முன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இந்த ஓட்டை விழுந்தது. இன்று சீக்கிரம் சிகிச்சை பெறுவோரில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். நம்மவர்களோ வாயு என்று சோடா குடித்து இரண்டு நாள் கழிக்கிறார்கள். பிறகு போய், நாலாம் நாள் கையெழுத்துப் போட்டு வெளியே வருகிறார்கள். இது முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். கட்டில் வாடகை ஏறுகிறது, டாக்டர் சொல்லும் கன்னடம் பாதி புரிகிறது, ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. செலவுதான் பயமென்றால் பன்னேர்கட்டா ரோட்டில் அரசின் ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி இருக்கிறதே! தூத்துக்குடியை விட அது பக்கம்.

இதையெல்லாம் சொன்னதும் பூக்காரர் முகம் சுருங்கியது. பதிலே பேசாமல் போனார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். முன்பதிவுப் படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.