வேட்டைத் திறனும் விற்பனைத் தந்திரமும்

மனிதன் கற்றுக்கொண்ட தொழில்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று வேட்டை. உழவும் மந்தை வளர்ப்பும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அவன் விலங்கின் அடிச்சுவட்டைப் படிக்கக் கற்றுவிட்டான். அக்கல்விக்குப் பள்ளி இருக்கவில்லை; ஏடும் இருக்கவில்லை. காட்டில் முன்னே நடந்த மூத்தவனைப் பார்த்தே இளையவன் அதனைக் கற்றான். இத்தகைய கல்வியொன்று, அதனைப் பயின்றோர் உயிரோடு இருக்கும்போதே, விலை குறித்த சரக்குகளால் இடம்பெயர்க்கப்படுவதைக் காண விரும்புவோர் ஐக்கிய அமெரிக்காவின் மான் வேட்டையை நோக்கலாம். அங்கு நிகழ்வது வெறும் கருவி மாற்றமே என்று கூறி அமைதி காண்போர் பலர். கருவியோடு சேர்ந்து அறிவின் உடைமையும் கைமாறிவிட்டது என்பதை அவர்கள் நோக்குவதில்லை. வேட்டைக்காரனின் சிந்தையில் இருந்தது இன்று கடைக்காரனின் அலுமாரிக்குப் போய்ச் சேர்ந்துள்ளது.

வணிகம் அந்நாட்டு மான் காட்டினுள் நுழைந்தது நேற்று இன்று அன்று. 18ஆம் நூற்றாண்டில் தென்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த கிறீக், செறோக்கி மக்களிடம் ஐரோப்பிய வணிகர் துப்பாக்கியும் வெடிமருந்தும் துணியும் மதுவும் கடனாகக் கொடுத்து மான்தோலை ஈடாகப் பெற்றனர். சாள்ஸ்ரன் துறைமுகத்தினூடாக இங்கிலாந்து சென்ற அத்தோல்கள் காற்சட்டைகளாகவும் கையுறைகளாகவும் மாறின. மான் குறையக் குறையக் கடன் வளர்ந்தது. 1773இல் ஒகஸ்ராவில் எழுதப்பட்ட உடன்படிக்கையின் மூலம், வணிகருக்குச் செலுத்தவேண்டிய கடனுக்காக அம்மக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கர் நிலத்தை இழந்தனர். தோலில் தொடங்கிய வாணிகம் நிலத்தில் முடிந்தது. அடுத்த நூற்றாண்டில் புகைவண்டி வந்ததும் மான் இறைச்சி நகரச் சந்தைகளை நோக்கி ஓடியது. 1900ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் எஞ்சியிருந்த வெள்வால் மான்கள் ஏறத்தாழ 5 இலட்சமே எனக் கணிக்கப்படுகிறது.

அவ்வாண்டிலேயே நிறைவேறிய லேசி சட்டம், மாநிலச் சட்டங்களுக்கு மாறாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநில எல்லை கடந்து கொண்டுசெல்வதைத் தடைசெய்தது. மாநிலங்களும் வேட்டைப் பருவங்களை வகுத்து, இறைச்சி விற்பனையை ஒடுக்கின. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 3 கோடி வெள்வால் மான்கள் வாழ்கின்றன. இது போற்றத்தக்க மீட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கு ஒன்று மனங்கொள்ளத் தக்கது. மானை விற்க முடியாத நிலை தோன்றியதும் வணிகம் காட்டை விட்டு வெளியேறிவிடவில்லை. அது தனது இலக்கை மாற்றிக்கொண்டது. முன்னர் மான் பண்டமாக இருந்தது. இப்பொழுது மானைத் தேடிச் செல்பவனின் ஆசையும் அறியாமையும் சந்தையாயின.

வேட்டைத் திறன் என்று ஈண்டுக் குறிக்கப்படுவது யாது? அது மறைபொருளான வித்தை எதுவும் அன்று. வேர்மொண்ட், மெயின் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் முதற்பனி விழுந்ததும் ஒரு மானின் தடத்தைப் பற்றிக்கொண்டு நாள் முழுதும் நடக்கும் வழக்கம் உண்டு. தடத்தின் ஆழமும் அடிகளுக்கிடைப்பட்ட தூரமும் மானின் பருமனையும் நடையையும் கூறும். தடத்தின் விளிம்பு உறைந்திருக்கிறதா உதிர்கிறதா என்பது அது கடந்துசென்ற நேரத்தைக் கூறும். மலைச்சரிவுகளில் காலை வெயில் ஏறக் காற்று மேல்நோக்கி எழும். மாலை குளிரக் கீழ்நோக்கி வழியும். ஆகவே காலையில் மானுக்கு மேலேயும் மாலையில் கீழேயும் இருத்தல் வேண்டும். இளமரங்களில் கொம்பு தேய்த்த தழும்பு, குளம்பால் நிலத்தைக் கீறிய இடம், ஓக் மரத்தின் கொட்டைகள் எந்த ஆண்டில் எந்தச் சரிவில் மிகுதியாக உதிர்கின்றன என்ற கணக்கு ஆகிய யாவும் இக்கல்வியின் பாடங்கள். இவை ஒரு குறித்த காட்டில், ஆண்டாண்டாக நடந்து, பலமுறை வெறுங்கையோடு திரும்பியே பெறப்படுவன. ஒருமுறை கற்றவன் மீண்டும் அவற்றை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. வணிகனின் நோக்கில் அவனைக் காட்டிலும் பயனற்ற மனிதன் வேறொருவன் இல்லை. இன்றைய மான் வேட்டைச் சந்தையின் போக்கு முழுவதையும் விளக்குவதற்கு இவ்வொரு செய்தி போதும்.

இத்திறனின் தகைமையை உணர்த்த இஷி என்பவரின் வரலாற்றினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. கலிபோர்ணியாவின் யாகி மக்கள் குடியேறிகளாற் கொன்றொழிக்கப்பட்ட பின், அவர்களுள் எஞ்சிய ஒருவராக 1911இல் ஒறவில் என்னும் ஊரில் அவர் வெளிப்பட்டார். 'இஷி' என்பது அவரது இயற்பெயரன்று. அவர் மொழியில் அது 'மனிதன்' என்றே பொருள்படும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ நூதனசாலையில் வாழ்ந்த அவர் 1916இல் காசநோயால் இறந்தார். அவருக்கு மருத்துவராகவும் நண்பராகவும் இருந்த சக்ஸ்ரன் போப், வில் செய்யவும் வேட்டையாடவும் அவரிடமே கற்று, 1923இல் அதனை நூலாக்கினார். இலக்குப் பலகையில் அம்பெய்வதில் இஷி பெரிய வல்லுநர் அல்லர் என்பதே போப்பின் கணிப்பு. அவரது வல்லமை மானை நெருங்குவதில் இருந்தது. வேட்டைக்கு முன் மீனும் புகையிலையும் தவிர்ப்பார். விடியலில் ஓடையில் நீராடி, மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்துக்கொள்வார். காற்றின் திசையை ஒருபோதும் மறக்கமாட்டார். இவற்றுள் எதற்கும் ஒரு சதமேனும் செலவில்லை.

இனி, அலுமாரியில் உள்ளவற்றை நோக்குவோம். மனித வாடையை நீக்கும் சவர்க்காரமும் தெளிநீரும் கரித்தூள் இழைத்த ஆடையும் அங்குள்ளன. இஷி ஓடையில் முடித்த வேலைக்கு இத்தனை பொருள்கள். காற்றை அறியாதவனுக்கு அறிவைக் கற்பிப்பதை விடுத்து, அவ்வறிவு தேவையில்லை என்று அவை உறுதி கூறுகின்றன. அடுத்து, ஓக் இலையையும் மரப்பட்டையையும் ஒளிப்படம்போல் அச்சிட்ட உருமறைப்பு ஆடைகள். 1980களிலிருந்து இவை பெருகின. வெள்வால் மானின் கண் சிவப்பையும் செம்மஞ்சளையும் பிரித்தறிய வல்லதன்று என்பதையும், நீலநிறத்தையே அது நன்கு உணர்கிறது என்பதையும் 1990களில் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. முந்திய தலைமுறையினர் சிவப்புக் கட்டமிட்ட கம்பளிச் சட்டையோடு காட்டிற்குச் சென்று மானோடு திரும்பியதன் காரணம் இதனால் விளங்கும். அவர்களைக் காத்தது அசையாதிருக்கும் பயிற்சி. இலை அச்சின் நுணுக்கம் கவருவது மானின் கண்ணையன்று, வாங்குபவனின் கண்ணையே. இன்னும், சந்திரனின் நிலையைக் கொண்டு இணைசேரும் காலத்தைக் கணித்துத் தரும் அட்டவணைகளும் விற்பனையாகின்றன. அக்காலத்தை நிர்ணயிப்பது பகற்பொழுதின் நீளமாகும். வட மாநிலங்களில் அது ஆண்டுதோறும் நவம்பர் நடுப்பகுதியை ஒட்டியே உச்சமடைகிறது. அங்குள்ள எந்த முதிய வேட்டைக்காரனும் இலவசமாகக் கூறக்கூடிய செய்திக்கு விலை வைத்திருக்கிறார்கள்.

வில்லின் கதை இதனினும் கூர்மையானது. 1934இல் விஸ்கொன்சின் மாநிலம் வில் வேட்டைக்கெனத் தனிப்பருவம் ஒன்றை முதன்முதலில் ஒதுக்கியது. பின்னர் ஏனைய மாநிலங்களும் வில்லாளருக்கு நீண்ட பருவங்களை வழங்கின. வில் கடினமானது, வில்லால் விழும் மான்கள் சில என்பதே இச்சலுகையின் அடிப்படை. 1969இல் மிசூரியைச் சேர்ந்த ஹொலஸ் அலன் கப்பிகள் பொருத்திய வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். நாணை முற்றாக இழுத்தபின் அதன் சுமையிற் பெரும்பகுதியைக் கப்பிகளே தாங்கிக்கொள்ளும். அதன்பின் ஒளிரும் குறிகாட்டி, நாணை விடுவிக்கும் பொறி, தூரமானி, இறுதியில் தொலைநோக்கி பொருத்திய குறுக்குவில் எனக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடினத்தின் பொருட்டு வழங்கப்பட்ட பருவம் அப்படியே நீடிக்கின்றது. கடினம் மட்டும் விலைபேசி அகற்றப்பட்டுவிட்டது. இதனை முன்னேற்றம் என்பதிலும் சலுகையின் கள்ளப் பயன்பாடு என்பதே பொருந்தும்.

இப்போக்கின் எல்லை எதுவென வினவுவோருக்கு 2005இல் ரெக்சஸ் மாநிலம் விடை தந்தது. கணினித் திரையின் முன் அமர்ந்து, தொலைவில் நிறுத்தப்பட்ட துப்பாக்கியை இயக்கி விலங்கைச் சுடும் வசதி அங்கே கட்டணத்துக்கு வழங்கப்பட்டது. நாடே அருவருத்தது, ரெக்சஸ் உட்படப் பல மாநிலங்கள் அதனைத் தடைசெய்தன. ஆனால் மரத்திற் கட்டிய கமரா, மான் கடந்த மறுகணமே அதன் படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்புவதை அதே நாட்டின் பெரும்பாலோர் இயல்பாக ஏற்றுக்கொண்டுள்ளனர். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடு அளவிலேயன்றித் தன்மையில் இல்லை. இரண்டிலும் மனிதன் காட்டில் இருக்கவேண்டிய தேவை குறைக்கப்படுகின்றது. அரிசோனா மாநிலம் 2022 முதல் வேட்டைக்குத் துணையாக இத்தகைய கமராக்களைப் பயன்படுத்துவதை முற்றாகத் தடைசெய்தமை, இதனை உணர்ந்தோர் சிலரேனும் உளர் என்பதற்குச் சான்று.

தந்திரங்களால் ஏமாறுபவன் பணத்தை மட்டுமே இழக்கிறான், பிறருக்குக் கேடில்லை என்பாரும் உளர். 1967இல் கொலறாடோவின் ஆய்வுக் கூடத்து மான்களில் முதலில் காணப்பட்ட நாட்பட்ட நலிவு நோய், 2002இல் விஸ்கொன்சினில் கண்டறியப்பட்டது. மூளையை அழிக்கும் இந்நோய்க்கு மருந்தில்லை. நோய்க் காரணியான 'பிறயன்' என்னும் திரிபுற்ற புரதம் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. அடைப்பில் வளர்க்கப்பட்ட மான்களின் சிறுநீரைக் குப்பிகளில் அடைத்து, ஆண்மானைக் கவரும் வாசனை என விற்கும் வாணிகம் நாடெங்கும் பரவியுள்ளமையை இதனோடு இணைத்து நோக்குதல் வேண்டும். வேர்மொண்ட், வேர்ஜீனியா, அலாஸ்கா முதலிய மாநிலங்கள் இக்குப்பிகளைத் தடைசெய்தது வீண் அச்சத்தால் அன்று. பெரிய கொம்புக்கெனத் தெரிந்தெடுத்து வளர்த்த மான்களை உயர்ந்த வேலிகளுக்குள் விட்டுச் சுடக் கொடுக்கும் பண்ணைகளும், அவற்றுக்காக மான்களை ஊர்விட்டு ஊர் ஏற்றிச்செல்லும் வழக்கமும் இவ்வாபத்தை மேலும் பெருக்குகின்றன.

வணிகத்தின் சார்பில் முன்வைக்கப்படும் வாதங்களுள் மூன்று பதிலுக்குரியன. முதலாவது, மரபும் மாறிக்கொண்டே வந்தது என்பது. இது மெய். இஷியே தமது அம்புமுனைகளைக் குடியேறிகள் வீசிய போத்தற் கண்ணாடியிலிருந்தும் செதுக்கினார். ஆனால் அக்கண்ணாடி அவரது கைத்திறனை வேண்டி நின்றது. திறனற்றவன் கையில் அது வெறும் உடைந்த துண்டே. கருவிக்கும் தந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். கருவி அறிவைக் கேட்கும். தந்திரம் விலையை மட்டும் கேட்கும். புதுமையை எதிர்ப்பதன்று இவ்வழக்கின் நோக்கம்.

இரண்டாவது, நுட்பமான ஆயுதங்கள் மானைத் துன்புறுத்தாது விரைவிற் கொல்கின்றன என்பது. முதியவருக்கும் உடல் வலுக்குறைந்தோருக்கும் குறுக்குவில் உதவுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துக் கூறுவர். இவற்றில் உள்ள உண்மையை மறுப்பது நேர்மையாகாது. எனினும் கிடைத்த துல்லியத்தை விளம்பரங்கள் எதற்காக விற்கின்றன? நெருங்கிச்சென்று தவறாது எய்வதற்காக அன்று, இன்னும் தொலைவிலிருந்து எய்வதற்காகவே. தூரம் கூடுந்தோறும் அம்பு சென்றடையுமுன் மான் ஓரடி நகர்வதற்கான வாய்ப்பும் கூடுகிறது. இரக்கத்தின் பெயரால் வாங்கிய துல்லியம் இவ்வாறு செருக்கின் பொருட்டுச் செலவாகின்றது.

மூன்றாவது வாதமே வலியது. 1937இல் நிறைவேறிய பிற்மன்-றொபேட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்குகிறது. வில்லும் அம்பும் 1970களில் அவ்வரிக்குள் வந்தன. சந்தை சுருங்கினால் மானே அழியும் என்று அச்சுறுத்துவோர் இதனையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஆனால் அவ்வரியைச் செலுத்துவன எவை? துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு ஆகிய இன்றியமையாத கருவிகள். உருமறைப்பு ஆடைக்கும் வாசனைக் குப்பிக்கும் சந்திர அட்டவணைக்கும் மரத்திற் கட்டும் கமராவுக்கும் அவ்வரி கிடையாது. வேட்டையைத் தாங்கிநிற்பது பழைய எளிய கருவியே. தந்திரம் அதன் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, தானே மரத்தைத் தாங்குவதாகப் பெருமை பேசுகிறது.

இவ்வாபத்தை முற்கூட்டியே கண்டவர் வனவிலங்கு முகாமைத்துவத்தை ஓர் அறிவியற் துறையாக நிறுவியோருள் முதன்மையானவரான அல்டோ லெயோபோல்ட். விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் தமது வில்லைத் தாமே செதுக்கிய வேட்டைக்காரரும் ஆவார். அவர் மறைவின் பின் 1949இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியில், துணைக்கருவிகள் தற்சார்புக்குத் துணைநிற்பதை விடுத்து அதற்கு மாற்றாகிவருவதை அவர் கண்டித்தார். காட்டில் வேட்டைக்காரனைப் பார்த்துக் கைதட்டவோ தடுக்கவோ எவரும் இல்லை. அவனது மனச்சாட்சியே அங்கு நடுவர் என்பதும் அவர் கருத்து. அம்மனச்சாட்சி விண்ணிலிருந்து விழுவதன்று. காற்றுக்காகக் காத்திருந்தும் தடத்தை இழந்தும் தோற்றுத் திரும்பியும் அது உருவாகின்றது. தோல்வியையே நீக்கித் தருவதாகக் கூறும் சந்தை, அதனால் விளையும் மனச்சாட்சியையும் சேர்த்தே நீக்கிவிடுகிறது.

இங்கு இழப்பிற்குள்ளாவது ஒரு பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு நிலத்தின் ஓடை வற்றுவதையும், ஓக் கன்றுகள் முளையாது போவதையும், நோயுற்ற மான் தள்ளாடுவதையும் முதலிற் காண்பவன் அந்நிலத்தைக் காலால் அறிந்தவன். அவனது இடத்தில் படத்தை எதிர்நோக்கும் வாடிக்கையாளன் நிறுத்தப்பட்டால், அந்நிலத்துக்காகச் சாட்சி கூற எவரும் எஞ்சமாட்டார். ஆதலால், மான் மீது அன்புடையோர் செய்யவேண்டியன தெளிவு. திறனுக்காக வழங்கிய பருவம் திறனுக்கே உரியதாதல் வேண்டும். நேரடியாகப் படம் அனுப்பும் கமராவும் சிறுநீர்க் குப்பியும் வேலியடைத்த சுடுகளமும் எல்லா மாநிலங்களிலும் தடைசெய்யப்படல் வேண்டும். இளையோரைக் கடைக்கு அனுப்புமுன் காட்டுக்கு அழைத்துச் செல்லும் கடமையை மூத்தோர் ஏற்றல் வேண்டும். அறிவை விலைகொடுத்து வாங்கிவிடலாம் என்று நம்பும் சமூகம், விற்பவன் கடையை மூடும் நாளில் அறிவற்றதாகவே நிற்கும்.