ஒப்புவித்தால் போதுமா?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. நம்மவர்களுக்கு அது மறக்க முடியாத நாள். திருவள்ளுவர் தினம் வந்தால் சிலைக்கு மாலை விழுகிறது. குறள் ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் தட்டோ டம்ளரோ பரிசு கிடைக்கிறது. நல்ல காரியம்தான்.

ஆனால் பரிசோடு மேடையை விட்டு இறங்கும் பிள்ளையை நிறுத்தி, "நீ சொன்னதில் உனக்குப் பிடித்த குறள் எது? ஏன் பிடித்தது?" என்று கேட்டால் திருதிருவென விழிக்கும். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவரை, கொத்தாகப் பூத்தும் மணக்காத மலருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. வேடிக்கை என்னவென்றால், அதையும் சேர்த்தே ஒப்புவிக்கிறோம்!

கட்டுரையும் இப்படித்தான். 2022 செப்டம்பர் மழையில் நகரமே மிதந்தது. வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுந்து, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்த குடும்பத்துப் பிள்ளைகூட, 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் மயில் தோகை விரித்தாடியது என்றே எழுதும். கைடில் அப்படித்தான் இருக்கிறது. செய்யுளுக்கு நயம் எழுதச் சொன்னாலும் அதே கதை. மோனை, எதுகை, அணி என்று வரிசையாக எழுதி, எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற நாலு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். இப்படிப் படித்தவர்தான் பெரியவரான பிறகும் எந்தக் காரணத்துக்கு லீவு கேட்டாலும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று எழுதுகிறார். ஆபீஸ்களில் காய்ச்சல் குறையாததன் ரகசியம் இதுதான்.

இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்குச் சுமை அதிகம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், வெளியே கன்னடம். பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயமாக்கி 2015-இல் சட்டமும் வந்துவிட்டது. கன்னடம் அவசியம் கற்க வேண்டியதே. பிழைக்க வந்த ஊரின் மொழி அது. ஆனால் நினைத்ததை ஒரு மொழியிலாவது கோர்வையாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்கே மற்ற மொழிகளும் கைகொடுக்கும். வேலைக்கான நேர்முகத்தில் "உன்னைப் பற்றிச் சொல்" என்றதும் வாயடைத்துப் போகிற பையன் சொல் தெரியாமல் நிற்கவில்லை. சொந்தமாகச் சொல்லிப் பழக்கமில்லாமல் நிற்கிறான்.

இதற்கு டியூஷன் பணம் தேவையில்லை. ஆபீசில் நோட் போடுகிறவரும், வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதித் தருகிறவரும் நம் தெருக்களில் ஏராளம். வாரத்தில் ஒரு மாலை நாலு பிள்ளைகளை உட்கார வைத்து, முதலில் வாயால் சொல்ல விடட்டும். பிறகு சொன்னதையே எழுதச் சொல்லட்டும். எழுதியதைப் பிள்ளையே உரக்கப் படித்தால் பாதிப் பிழை அதற்கே தெரிந்துவிடும். எடுத்த எடுப்பில் ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை போட்டு மிரட்ட வேண்டாம்.

1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் முதல் தெருமுனை மன்றங்கள் வரை, போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வரும் திருவள்ளுவர் தினத்தில் ஒப்புவித்தலுக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். ஒரே ஒரு குறளைத் தன் வீட்டு நடப்போடு சேர்த்து விளக்குவதற்கு மீதிப் பாதியை வையுங்கள். நடுவர்களுக்குத்தான் கொஞ்சம் வேலை கூடும்.