விடுதியா, பட்டியா?

கல்வராயன் மலையிலிருந்தும் கள்ளக்குறிச்சிக் கிராமங்களிலிருந்தும் நம் பெண்கள் பஞ்சாலைகளுக்குப் போகிறார்கள். ஆலை விடுதியே அவர்களுக்கு வீடு.

பெண்கள் விடுதி நடத்துவோர் கலெக்டரிடம் மனுச்செய்து லைசென்ஸ் பெறவேண்டும் என்கிறது 2014-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நல்லதுதான். ஆனால் நாம் கேட்கிறோம்: கட்டிடத்தை அளக்கும் அதிகாரி, வாசற்பூட்டின் சாவி யார் கையில் என்று பார்க்கிறாரா? ஷிப்டு முடிந்த பெண் கடைவீதிக்குப் போக, தாயோடு பேச, சங்கத்தில் சேர மானேஜர் தயவு வேண்டுமென்றால், அது விடுதியா, பட்டியா? கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் ஒழித்துவிட்டதே!

தோழர்களே! மகளை அனுப்புமுன் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். முதலாளி இல்லாத இடத்தில் பெண்களை விசாரித்த பிறகே லைசென்ஸ் தரவேண்டும் என்று கலெக்டரைக் கேட்போம். நம் பெண் விற்றது 8 மணி நேர உழைப்பை. 24 மணி நேர வாழ்வை அல்ல!